நல்ல நிலை

எனக்குப் பிஸ்டல் பிடிக்காது.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
ஸ்டேஷன் ரைட்டர் பாரபட்சம் காட்டினாள் என்று
பிறகு யாரும் மனு எழுத வேண்டாம்.

வயிற்றில் இருப்பதைச் சொல்லாது அது.
மேகசினைக் கழற்றிய பின்னும்
உள்ளே ஒன்று குந்தியிருக்கும்,
வாடகை பாக்கி வைத்துவிட்டு
உள்தாழ் போட்டுக்கொண்டவன் போல.
மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன்.
சுண்டுவிரல் நுழைத்துப் பார்ப்பேன்.
அப்புறமும் மூக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பித்தான்
அலமாரியில் வைப்பேன்.

ரிவால்வர் அப்படியில்லை.
உருளையைத் தள்ளினால்
ஆறு அறையும் கதவு திறந்த வரிசை வீடு.
யார் இருக்கிறார், யார் இல்லை
ஒரு பார்வையில் கணக்கு தீர்ந்தது.
அதன் விசை கனம் என்று குறை சொல்வார்கள்.
எனக்கு அதுவே பிடிக்கும்.
இழுத்து முடிப்பதற்குள்
ஒரு யோசனை வந்து போகலாம்.

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளிலிருந்து
கடலூர் முதுநகர் நிலையத்துக்கு
மஞ்சள் பையில், டிபன் கேரியரில்,
துபாய் பிஸ்கட் டப்பாவில் வந்து சேர்கின்றன,
லைசென்ஸ் நகலோடு.

முந்திரி மண்டி கலியவரதனுடையது
தங்க முலாம், கைப்பிடியில் இனிஷியல்.
தேளுக்குக் கொலுசு மாட்டியது மாதிரி.
ரசீதைக் கொடுத்துக் கையைக் கழுவிக்கொண்டேன்.

நகைக்கடைக்காரரின் சின்னது
ஓமச் சோப்புக்கட்டி அளவுதான்.
அதுவும் ஆகாது எனக்கு.
ஒரு குழந்தையின் கைக்கு
அவ்வளவு சரியாகப் பொருந்தும் பொருளை
யார், எதை நினைத்துச் செய்திருப்பார்கள்?

எங்களுக்குத் தரும் ஒன்பது எம்.எம்.மைச் செய்தவனோ
என் கையைப் பார்த்ததே இல்லை.
விரல் எட்டாது; நகம்தான் எட்டும்.
வருடாந்திரப் பயிற்சியில் பத்துக்கு நாலு.
மீதி ஆறும் மண்மேட்டுக்கு.

நேற்று மத்தியானம்,
சிப்காட் நாற்றத்தோடு காற்று வீசிய நேரம்,
சிங்காரத்தோப்பு அஞ்சலாட்சி வந்தார்.
நைலான் வலைத் துண்டில் சுற்றிய ரிவால்வர்.
படகுக்காரர் போய் ஏழு மாதம்.
பிரித்தபோது மேசையில் துரு உதிர்ந்தது,
வறுத்த மிளகாய்த் தூள் மாதிரி.
உருளை அசையவில்லை.
கட்டைவிரல் சிவந்ததுதான் மிச்சம்.

பழைய பதிவேட்டைப் புரட்டினேன்.
எனக்கு முன்னிருந்தவர்
மூன்று தேர்தலாக எழுதியிருக்கிறார்:
'நல்ல நிலை'. 'நல்ல நிலை'. 'மேற்படி'.

ஆயுதப்படை ஆர்மரர் வில்வநாதன்
மண்ணெண்ணெயில் ராத்திரி முழுக்க ஊறவைத்து
காலையில் மரச்சுத்தியால் தட்டித் திறந்தார்.
ஐந்து தோட்டாக்கள், பச்சை பூத்து.
ஆறாவது, வெறும் கூடு.

ஒளிக்காது என்று
நான் இத்தனை நாள் சான்று கொடுத்துவந்த ஜாதி!

"சுட்டிருக்காரேம்மா?" என்றேன்.
அஞ்சலாட்சி அதைப் பார்க்கவில்லை;
ஜன்னலைப் பார்த்தார்.
"தானே புயல் ராத்திரி.
கூரை பிச்சுக்கிட்டுப் போவுது,
பிள்ளைங்க கட்டிலுக்கு அடியில.
வாசல்ல நின்னு
காத்தப் பாத்து ஒண்ணு சுட்டாரு."

பிறகு?

"காத்து நிக்கல.
உள்ள வந்து அழுதாரு.
மறுபடி அதத் தொடவேயில்ல.
திருப்பித் தராதீங்கம்மா,
நீங்களே வெச்சுக்குங்க."

திருப்பி வாங்க மறுப்பவருக்குப்
பதிவேட்டில் கலம் இல்லை.
வாரிசு, கலெக்டர் ஆபீஸ், மூன்று நகல் என்று
ஏதோ சொல்லி அனுப்பினேன்.
'செலவான தோட்டா' என்ற இடத்தில் ஒன்று என்று போட்டேன்.
'எதற்காக' என்ற இடத்தில்
பேனா நின்றது.
'காற்று' என்று எழுத
இன்ஸ்பெக்டர் விடமாட்டார்.

சாயங்காலம் கலியவரதன் போன் செய்தார்:
அவருடையதைத் துணி போட்டுத் துடைக்கிறேனா,
முலாம் கறுத்துவிடுமாம்.

துடைக்கிறேன் என்றேன்.
துடைக்கவில்லை.
அப்போது என் கையில்
மண்ணெண்ணெய் வாசத்தோடு இருந்தது வேறொன்று.
அதன் உருளை
இப்போது சுற்றுகிறது,
ஒவ்வொரு அறைக்கும் ஒரு முனகலோடு.